மோந்த்ராகோனின் கணக்குப் புத்தகம்

அனைவருக்கும் வணக்கம்.

மோந்த்ராகோன் ஸ்பெயினில் ஓர் ஊர்; அங்கே பிறந்த தொழிலாளர் கூட்டுறவு ஆலைகளின் குழுமத்துக்கும் அதே பெயர். அந்தப் பெயரைச் சொன்னதும் எல்லோரும் "தொழிலாளியே முதலாளி, ஆளுக்கொரு வாக்கு" என்று தொடங்கிவிடுவார்கள். வாக்கு முக்கியம்தான். ஆனால் வாக்குரிமை இருந்தும் சில வருடங்களில் பூட்டுப் போட்ட கூட்டுறவுகள் எத்தனையோ. இந்தப் பள்ளத்தாக்கு தாக்குப்பிடித்த விதம் தெரியவேண்டுமானால் அவர்களுடைய கணக்குப் புத்தகத்தைப் பிரிக்கவேண்டும்.

ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் நாட்டின் கிப்புஸ்கோவா மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிற ஊர் இது. பாஸ்க் மொழியில் அர்ராசாத்தே. உள்நாட்டுப் போர் முடிந்து, வறுமை தீராத 1941-இல் ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியெத்தா என்ற இளம் பாதிரியார் அங்கே வந்தார். 1943-இல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். முதல் ஆலை எப்போது வந்தது தெரியுமா? 1956-இல். நடுவில் பதின்மூன்று வருடம் ஆட்களைத் தயார்செய்வதிலேயே போயிற்று. அவரிடம் பயின்ற ஐந்து பேர் தங்கள் குடும்பப் பெயர்களிலிருந்து எழுத்தெடுத்துக் கோத்து 'உல்கோர்' என்று பெயர் வைத்து, மண்ணெண்ணெய் அடுப்பு செய்யத் தொடங்கினார்கள். அந்த ஆலைதான் பின்னாளில் ஃபகோர் ஆனது.

இப்போது கணக்குக்கு வருவோம். உறுப்பினராகச் சேர அண்மைக் காலத்தில் ஏறத்தாழ 15,000 யூரோ கட்டவேண்டும். கையில் இல்லையென்றால் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். இந்தப் பணம் உங்கள் பெயரில் ஒரு மூலதனக் கணக்காக நிற்கும். பங்குச் சந்தையில் விற்க முடியாது. வெளியாளுக்குக் கைமாற்றவும் முடியாது.

ஒரு பேச்சுக்கு, ஓர் ஆலைக்கு இந்த ஆண்டு 10 லட்சம் யூரோ உபரி என்று வைத்துக்கொள்வோம். பாஸ்க் கூட்டுறவுச் சட்டப்படி குறைந்தது 3 லட்சம் யாருக்கும் பிரித்துத் தரமுடியாத பொது நிதிக்கும், கல்வி, சமூகப் பணிகளுக்கும் போய்விடும். மிச்சத்தில் இன்னும் எவ்வளவு பொது நிதிக்கு என்பதைப் பொதுக்குழு முடிவுசெய்யும். அதற்குப் பிறகு உறுப்பினருக்கு என்று நிற்கும் தொகையாவது கைக்கு வருமா? வராது. அதுவும் அவரவர் மூலதனக் கணக்கில் எழுதப்படும். வட்டியை ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம். அசலைத் தொட ஓய்வு பெறவேண்டும், அல்லது விலகவேண்டும். உபரியில் பெரும்பகுதி ஆலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது இதனால்தான். நட்டம் வந்தால் அதில் ஒரு பகுதியும் இதே கணக்கில் கழியும் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே தலைமுறை ஒன்றாக ஓய்வுபெற்றால் எல்லோரும் பணத்தைக் கேட்பார்கள். இயந்திரம் வாங்க வைத்த காசு வெளியே போகும். அதனால் திருப்பித் தருவதை ஆண்டுக்கணக்கில் தள்ளிவைக்க விதி எழுதி வைத்திருக்கிறார்கள். கசப்பான விதிதான், ஆனாலும் தேவையானது.

மிகக் குறைந்த சம்பளத்துக்கும் மிக அதிகச் சம்பளத்துக்கும் இடைவெளி தொடக்கத்தில் ஒன்றுக்கு மூன்று. இன்று உச்சவரம்பு ஒன்றுக்கு ஆறு. இதைப் பற்றி எல்லோரும் நிறையப் பேசுகிறார்கள்.

ஊரின் வளத்துக்கு அதைவிட முக்கியமானது 1959-இல் தொடங்கிய தொழிலாளர் வங்கி, காஹா லபோரால். "சேமிப்புப் புத்தகமா, பெட்டி படுக்கையா?" என்று வீடு வீடாகக் கேட்டார்கள். பணம் இங்கே தங்கவில்லையென்றால் பிள்ளைகள் ஊரை விட்டுப் போவார்கள் என்று பொருள். ஒரு குழு புதுத் தொழில் யோசனையோடு வந்தால், வங்கியின் தொழிற்பிரிவு அவர்களோடு உட்கார்ந்து சந்தை, இயந்திரம், அடக்கவிலை எல்லாவற்றையும் அலசிய பிறகே அன்று கடன் கிடைத்தது. கூட்டுறவு உறுப்பினர்களைச் சுயதொழில் செய்பவர்கள் என்று சொல்லி அரசுக் காப்பீடு விலக்கியபோது, லகுன் அரோ என்ற சொந்தக் காப்பீட்டையும் கட்டினார்கள்.

1974-இல் உல்கோரில், சம்பளத்தை நிர்ணயிக்கும் வேலை மதிப்பீட்டை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. 17 பேரை நீக்கினார்கள். பொதுக்குழுவும் அதை ஆமோதித்தது. பிற்பாடுதான் திரும்பச் சேர்த்தார்கள். ஆலை பெருத்துவிட்டால் ஆளுக்கொரு வாக்கு வைத்திருப்பவனுக்கும் தன் குரல் கேட்பதில்லை என்பது அன்று வெளிப்பட்டது.

பெரிய அடி 2013-இல். ஃபகோர் வீட்டு உபகரண ஆலை 2005-இல் பிரான்சின் பிராண்ட் நிறுவனத்தைப் பெருங்கடன் பட்டு வாங்கியிருந்தது. 2008-க்குப் பின் ஸ்பெயினில் வீடு கட்டுவது நின்றது. புது வீடு இல்லையென்றால் புது அடுப்புக்கும் துவைப்பு இயந்திரத்துக்கும் வாங்குபவர் ஏது? மற்ற கூட்டுறவுகள் முதலில் கைகொடுத்தன. கடைசியில் இனி முடியாது என்று கைவிரித்தன; ஆலை திவாலானது. உறுப்பினர்களின் மூலதனக் கணக்கு போயிற்று. வட்டிக்காகக் கூடுதலாகப் போட்டுவைத்த சேமிப்பும் சிக்கிக்கொண்டது. வேலை விஷயத்தில் மட்டும் பள்ளத்தாக்கு கைவிடவில்லை: உறுப்பினர்களில் பெரும்பாலோர் பிற கூட்டுறவுகளுக்கு மாற்றப்பட்டார்கள், அல்லது முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள். போலந்திலும் பிரான்சிலும் அதே ஃபகோருக்கு உழைத்தவர்கள் உறுப்பினர்கள் அல்லர். அந்தப் பாதுகாப்பு வலை அவர்களுக்குக் கிடையாது. இந்த அமைப்பின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து.

வலைக்கு ஆகும் செலவை வலுவான கூட்டுறவுகள்தானே சுமக்கின்றன? 2022 டிசம்பரில் மின்தூக்கி செய்யும் ஒரோனாவும், உல்மா குழுமமும் தங்கள் உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் மோந்த்ராகோன் குழுமத்தை விட்டு விலகின. இரண்டும் அதே கிப்புஸ்கோவாவில், கூட்டுறவுகளாகவே தொடர்கின்றன.