கென்னிவுட்டின் உயிர் ஓல்டு மில் படகே

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், பிள்ளைகுட்டிகளோடு வந்திருக்கும் பிட்ஸ்பர்க் தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம்.

"கென்னிவுட் பூங்காவின் உயிர் பாயும் ரோலர் கோஸ்டரா, மிதக்கும் ஓல்டு மில் படகா?" இதுதான் தலைப்பு. கென்னிவுட், அமெரிக்காவில் நம் பிட்ஸ்பர்க் பக்கத்திலேயே இருக்கும் பழைய கேளிக்கைப் பூங்கா. ஓல்டு மில், அங்கே இருட்டுக் கூரைக்கு அடியில் வாய்க்காலில் மிதந்து போகும் படகுப் பயணம். எதிரணித் தலைவர் ஜாக் ராபிட்டைப் பற்றிப் பேசினார். 1920இல் கட்டிய மர ரோலர் கோஸ்டர், அந்த இரட்டைப் பள்ளத்தில் இறங்கும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்புகிறது என்றார். உண்மைதான், நானும் எழும்பியிருக்கிறேன். ஆனால் ஐயா, ஜாக் ராபிட் பிறந்தபோது ஓல்டு மில்லுக்கு வயது 19! பூங்கா தொடங்கியது 1898இல், படகு வந்தது 1901இல். இன்று அங்கே ஓடிக்கொண்டிருப்பவற்றில் அதற்கு மூத்தது எதுவும் இல்லை.

"பேரை மாற்றிக்கொண்டே இருந்த ஒன்று எப்படி ஐயா உயிராகும்?" என்று கேட்டார் அடுத்து வந்த சகோதரி. நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் அதற்குப் பனாமா கால்வாய் என்று பேர். பிறகு வேறு வேறு பேர்கள். 2004இல் கார்ஃபீல்டு என்ற கார்ட்டூன் பூனையை உள்ளே குடிவைத்தார்கள். 2020இல் மறுபடியும் ஓல்டு மில் என்ற பழைய பேருக்கே திரும்பினார்கள். அம்மா, சுவருக்குத்தான் வர்ணம் மாறியது, வாய்க்கால் மாறவில்லை. உங்கள் அணி புகழ்ந்த ரேசர் என்ற கோஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1910இல் கட்டிய முதல் ரேசர் இன்று இல்லை. நாம் ஏறுவது 1927இல் கட்டியது. கோஸ்டரைப் பிரித்துவிட்டு வேறு கட்டலாம் என்று துணிந்தவர்கள், படகுக்கு வேடம் மட்டும்தான் மாற்றினார்கள்.

மில் என்றதும் நமக்கு நூல் மில்லும் மாவு மில்லும் ஞாபகம் வரும். இந்தப் பேரில் இருக்கும் மில், தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடிய பழைய காலத்து மாவு மில். அங்கே தண்ணீர் சக்கரத்தைச் சுழற்றும். இந்தப் படகுப் பயணங்களுக்கு முதலில் யோசனை சொன்னவர்கள் அதை அப்படியே திருப்பிப் போட்டார்கள்: சக்கரம் சுற்றித் தண்ணீரைத் தள்ளும். முழங்கால் அளவுகூடத் தேவைப்படாத தண்ணீரில், மோட்டாரும் துடுப்பும் இல்லாமல், படகு தானாகப் போகும். மழைநாளில் வாய்க்காலில் காகிதக் கப்பல் விட்ட யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் எத்தனையோ பூங்காக்களில் இருந்த இந்த வாய்க்கால்களில் இன்று மிஞ்சியிருப்பவை மிகக் குறைவு. மினசோட்டா மாநிலக் கண்காட்சியில் 1915இல் வந்தது ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் பிளாக்பூலில் 1905இல் திறந்தது ஒன்று. அந்த அருமையான கூட்டத்தில் நம் வீட்டுப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது!

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பூங்கா யாருக்காக வந்தது? டிராம் கம்பெனி, ஞாயிற்றுக்கிழமை டிராமில் ஆள் ஏற வேண்டும் என்பதற்காகத் தடத்தின் ஓரத்தில் திறந்த பூங்கா இது. பூங்காவின் மேட்டில் நின்று பாருங்கள், மனாங்ககேலா ஆற்றுக்கு அந்தக் கரையில் பிராடக் உருக்காலை தெரியும். எஃகு முதலாளி கார்னகி 1875இல் தொடங்கிய ஆலை, இன்றும் புகைகிறது. அந்தக் காலத்து உருக்காலைகளில் ஒரு நாள் வேலை என்றால் 12 மணி நேரம். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் காதில் விழாது. வாரம் முழுக்க உலை முன்னால் வெந்த ஒரு மனிதன் மனைவியோடு டிராம் ஏறி வந்து, இருட்டும் குளிர்ச்சியுமான அந்தக் கூரைக்கு அடியில் படகில் உட்காருகிறான். அவனுக்கு என்ன வேண்டும் சொல்லுங்கள்? இன்னொரு இரைச்சலா?

கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் ஊரறியத் தோள் உரச உட்கார முடியாத காலமும் அதுதான். இதைப் போன்ற இருட்டுப் படகுகளுக்குக் காதல் சுரங்கம் என்றே பேர் வந்தது. இந்த ஊரில் எத்தனை தாத்தா பாட்டிகளின் கல்யாணப் பேச்சு அந்தத் தண்ணீரில் தொடங்கியதோ!

கோஸ்டரில் ஏறினால் கத்தலாம். படகில் ஏறினால் பேசலாம். இதுதான் ஐயா என் கட்சி. என் பக்கத்தில் இருப்பவர் யார் என்று கோஸ்டரில் எனக்குத் தெரியாது. கம்பியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

போன கோடையில் ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். வயது 72, இதய ஆபரேஷன் ஆனவர். கோஸ்டர் வாசலில், இதய நோயாளிகள் ஏறக் கூடாது என்று பலகை. என் மகளுக்கு நாலு வயது. உயரம் போதவில்லை. இருவரும் கையைக் கோத்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். டிக்கெட்டுக்கு எல்லோருக்கும்தான் பணம் கொடுத்தோம். ஆனால் என் வீட்டின் மூத்தவருக்கும் இளையவளுக்கும் அந்தப் பகல் முழுக்க நிழல்தான் கிடைத்தது. சாயங்காலம் ஓல்டு மில்லுக்குப் போனோம். நாலு பேரும் ஒரே படகு. உள்ளே எலும்புக்கூடுகள் வந்தபோது பாப்பா தாத்தாவின் சட்டையைப் பிடித்தாள். பிறகு ஒரு நீண்ட இருட்டு. பலகையில் தண்ணீர் மோதும் சத்தம் மட்டும். அப்பா மெதுவாகச் சொன்னார்: "நம்மூரு மதகுல தண்ணி திறந்துவிட்ட மாதிரியே இருக்குடா." அதோடு நிற்கவில்லை. அந்த மதகில் தன் அப்பா தனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்த கதையைச் சொன்னார். நாற்பது வருஷத்தில் நான் கேட்காத கதை, நடுவர் அவர்களே! படகு வெளிச்சத்துக்கு வந்தபோது கதை பாதியில் இருந்தது.

பாப்பா இறங்க மாட்டேன் என்றாள். "தாத்தா, அப்புறம் என்ன ஆச்சு?"

மீதிக் கதைக்காக மறுபடியும் போய் வரிசையில் நின்றோம். நன்றி, வணக்கம்.