உங்கப்பாகிட்ட சொல்லு

நேயர்களுக்கு வணக்கம்.

கணவன் மனைவி மனத்தாங்கலைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். வானொலி காதுக்கானது. அதனால் சத்தத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மனத்தாங்கல் குடியேறிய வீட்டுக்கென்று சில சத்தங்கள் உண்டு. கத்தலைச் சொல்லவில்லை, அது எப்போதாவது வரும், ஓய்ந்துவிடும். கழுவின பாத்திரத்தைக் கவிழ்க்கும்போது வேண்டியதற்கு மேல் கொஞ்சம் அழுத்தி விழுகிற 'ணங்'. பீரோ கதவு சாத்தப்படுகிற விதம். அப்புறம், யார் முகத்தையும் பார்க்காமல் சுவரிடம் சொல்கிற குரல்: "இந்த வீட்டுல ஒரு லைட்டை அணைக்கக்கூட ஆளில்ல." ஜாடைப் பேச்சு என்று நம்மிடம் இதற்கு அருமையான பெயர் இருக்கிறது. பதில் சொன்னால், "உன்னையா சொன்னேன்?" சொல்லாவிட்டால், "காது கேக்கலையா?" எப்படிப் போனாலும் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்கு அடுத்த கட்டத்தில் ஜாடைப் பேச்சும் நின்றுவிடும். அப்போது வீட்டுக்கு ஒரு தூதர் தேவைப்படுகிறார். அவருக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ இருக்கும்.

"உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு."

"எனக்கு ஒண்ணும் வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

அந்த 'உங்க' என்ற ஒட்டைக் கவனியுங்கள். நேற்றுவரை 'அப்பா எங்கேடா' என்று கேட்ட அதே வாய். இன்று அப்பா 'உங்கப்பா' ஆகிவிட்டார். அதாவது, எனக்கும் அவருக்கும் ஒன்றுமில்லை, அவர் உன் சொந்தக்காரர், நீயே பார்த்துக்கொள். நமக்கு இது வெறும் பேச்சுவழக்கு. குழந்தைக்கு அது அறிவிப்பு.

குடும்ப ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வி: உங்கள் பிள்ளை சேதியை அப்படியே சொல்வானா, மாற்றிச் சொல்வானா? பெரும்பாலும் யோசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பையன் என்னிடம் சொன்னான். அப்பா "ஒண்ணும் வேணாம்" என்றால், இவன் சமையலறைக்குப் போய், "அப்பா அப்புறமா சாப்பிடறாராம்மா" என்பானாம். அம்மா "அவருக்கென்ன, ராஜா" என்றால், "சரின்னாங்க அம்மா" என்று கொண்டுபோய்ச் சேர்ப்பானாம். இரண்டு அறைக்கும் நடுவே உள்ள பத்தடி தூரத்தில் வார்த்தையின் முள்ளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு நடக்கிறான். பள்ளியில் அவனுக்குக் கவனம் போதவில்லை என்று புகார். எப்படிப் போதும்?

"நாங்க பிள்ளைங்க எதிர்ல சண்டையே போட மாட்டோம்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. அமெரிக்காவில் ஓரிகான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள 20 குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, கோபக் குரலையும் சாதாரணக் குரலையும் ஒலிக்கவிட்டு மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பெற்றோருக்குள் சச்சரவு அதிகமுள்ள வீட்டுக் குழந்தைகளின் மூளையில், மன அழுத்தத்தைக் கையாளும் பகுதிகள் கோபக் குரலுக்கு அதிகமாகவே துடித்தன. தூக்கத்தில். வார்த்தை ஒன்றுகூடப் புரியாத வயதில்.

சரி, வாயே திறக்காமல் இருந்துவிட்டால்? மார்க் கம்மிங்ஸ் என்ற உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பெரியவர்கள் பேசாமல் முறைத்துக்கொள்வதும் பிள்ளைகளைப் பாதிக்கிறது என்பது அவர் கண்டது. அதைவிட முக்கியமான இன்னொன்றும் கண்டார். சண்டை நல்லபடி முடிந்தது என்று தெரிந்ததும் பிள்ளைகளின் கலக்கம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சமாதானம் கண்ணெதிரே நடக்க வேண்டும் என்றுகூட இல்லை. கதவுக்குப் பின்னால் முடிந்தது என்று தெரிந்தாலே போதுமாக இருந்தது.

நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. சண்டை கூடத்தில், சமாதானம் இரவு பிள்ளைகள் தூங்கின பிறகு. முதல் பாதியை மட்டும் பார்த்த பிள்ளை மீதியைத் தானே எழுதிக்கொள்கிறது. அது எழுதுகிற முடிவு எப்போதும் பயங்கரமானது.

பழைய தமிழில் ஊடல், புலவி, துனி என்று தனித்தனிச் சொற்கள் உண்டு. புலவி இளம்பிணக்கு, துனி முற்றிப்போன பிணக்கு. பிணக்குக்கும் பிஞ்சு, முற்றல் பார்த்திருக்கிறார்கள். முற்றினால் உடம்பையும் விடாது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 42 தம்பதிகளின் கையில் சின்னஞ்சிறு கொப்புளக் காயம் உண்டாக்கி, அது ஆறுவதை அளந்தார்கள். கருத்து வேறுபாட்டைப் பற்றிப் பேசவைத்த தடவை, காயம் ஆற அதிக நாள் பிடித்தது.

கோபம் தலைக்கேறினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஜான் காட்மன் என்ற ஆய்வாளர் தம்பதிகளின் நாடித்துடிப்பை அளந்துகொண்டே அவர்களைப் பேசவைத்தவர். துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதில் ஏறுவதில்லை என்கிறார்; குறைந்தது 20 நிமிட இடைவெளி விடச் சொல்கிறார். ஒருமுறை, கருவியில் ஏதோ கோளாறு என்று சொல்லிப் பேச்சை நிறுத்தி, கையில் பத்திரிகையைக் கொடுத்து உட்காரவைத்தாராம். திரும்பப் பேச ஆரம்பித்தபோது வேறு ஆட்களைப் போல் இருந்தார்களாம். ஆனால் எழுந்து போகும்போது, "கொஞ்ச நேரத்தில் வர்றேன், பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போவதற்குப் பெயர் இடைவெளி இல்லை, இன்னொரு அடி.

அடி என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கை நீளுகிற வீட்டுக்கு நான் சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது உயிரும் பாதுகாப்பும்தான். சமாதானப் பேச்சை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

ஊருக்கு உபதேசம் செய்கிற நான் என் வீட்டில் எப்படி என்று கேட்டால், கொஞ்சம் வெட்கம்தான். நானும் 'உங்கம்மா' சொன்னவன்தான். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு சமயம், என் மகள் கதவருகே நின்று, "நீங்களே போய்ச் சொல்லுங்கப்பா, எனக்குக் கால் வலிக்குது" என்றாள். அவள் கால் வலி எனக்கு அன்றுதான் தெரிந்தது. போய்ச் சொன்னேன். சொன்னது, மின்கட்டண ரசீது எங்கே என்று. அவ்வளவுதான், தொடக்கம் அப்படித்தான் இருந்தது.

முள் பிடுங்குகிற அந்தப் பையனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். சண்டை முடிந்துவிட்டது என்று உனக்கு எப்படித் தெரியும்?

யோசிக்கவே இல்லை. "அம்மா 'அப்பா எங்கடா'ன்னு கேப்பாங்க சார்" என்றான்.

வணக்கம்.