விளக்கை அணைத்தால் வெள்ளி தெரியும்

(நாகை மாவட்டக் கடலோர ஊர் ஒன்றில், மே மாத நடுவில், நூலக வாசகர் கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொண்ட பேராசிரியர் ஐயா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, படகுச் சங்கத்துப் பெரியவர்களே, நூலகர் தம்பி, பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம். மே மாதப் புழுக்கத்தில் சால்வை போர்த்தியிருக்கிறீர்கள். சரி, அன்பு, கழற்றாமல் பேசுகிறேன்.

இரவு வானத்தைப் பார்த்துத் திசை அறிவது, மணி அறிவது, கடலில் எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என்று அறிவது, இந்த மூன்றையும் பேசுவேன் என்று நோட்டீசில் போட்டிருக்கிறது.

முதலில் திசை. இப்போது வடக்கே சப்தரிஷி மண்டலம் அகப்பை போல உயரத்தில் நிற்கும். அகப்பையின் வெளி விளிம்பில் புலகர், கிரது என்று இரண்டு நட்சத்திரங்கள். புலகரிலிருந்து கிரது வழியாகக் கோட்டை நீட்டி, அவற்றின் இடைவெளியைப் போல ஐந்து மடங்கு போனால் துருவ நட்சத்திரம். பளிச்சென்று இருக்காது, நடுத்தர வெளிச்சம்தான். கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வையுங்கள், ஏறக்குறைய 10 பாகை. நம் ஊரில் துருவன் அந்த முஷ்டிக்குச் சற்று மேலே நிற்பான். சென்னையில் 13 பாகை, கன்னியாகுமரியில் 8. ஏன் என்பதை மூன்றாவதில் சொல்கிறேன்.

ஆனால் இங்கிருந்து துருவன் தெரிகிறானா? கடற்கரையில் ஹைமாஸ் விளக்கு எரிகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?

அடுத்து மணி. கார்த்திகை மாதத்தில் ஆறாமீன், அதாவது கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், பொழுது சாயும்போது கிழக்கே எழும், நடுச்சாமத்தில் உச்சிக்கு வரும், விடியும்போது மேற்கே இறங்கும். எந்த நட்சத்திரமும் தினம் நான்கு நிமிடம் முந்தி எழும், மாதத்துக்கு இரண்டு மணி நேரம். அதனால் அதே ஆறாமீன் தை மாதத்தில் இரவு எட்டு மணிக்கே உச்சியில் நிற்கும்.

இதில் ஏமாந்தவர் எங்கள் தாத்தா. மறுநாள் சந்தை. வண்டியில் கத்தரிக்காய் மூட்டை ஏற்றி வைத்தாயிற்று. நடுவில் எழுந்தவர் கிழக்கே பெரிய வெள்ளியைப் பார்த்துவிட்டு, "விடிவெள்ளி முளைச்சாச்சு, எழுந்திருங்கடா" என்று வீட்டையே எழுப்பினார். ஆச்சி அடுப்பு மூட்டி நீராகாரத்துக்கு ஊறுகாய் எடுத்து வைத்தார். மாடு எழுந்திருக்க மறுத்தது. வீட்டில் விவரம் தெரிந்தது அதற்குத்தான். வண்டி போகிறது, போகிறது, விடியவே இல்லை. சந்தை வாசலில் காவல்காரர் தடியோடு, "இந்நேரத்தில் யாருய்யா அது, எங்கே திருடிய காய்?" என்றார். அவர் வீட்டு மணி அப்போதுதான் இரண்டு! தாத்தா பார்த்தது வியாழன். விடிவெள்ளி சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. விடிய மூன்று மணி நேரத்துக்கு வெகுமுன்பே அது கிழக்கே எழாது. தாத்தா சாகும்வரை ஆச்சி அவரை 'வியாழன்' என்றுதான் கூப்பிட்டார்.

சிரிக்கிறீர்கள். அவராவது பார்த்துத் தப்புச் செய்தார். இந்தப் பிள்ளைகளுக்குத் தப்பாகப் பார்க்கவும் வானம் இல்லை. பங்குனி ஆமைக் குஞ்சுகளைப் பாருங்கள். முட்டையை விட்டு வந்ததும் கடலின் மேலுள்ள வெளிச்சத்தை நோக்கித்தான் நடக்கும். கரையில் விளக்கு எரிந்தால் ஊருக்குள் வந்து சாகிறது. நான் விளக்கே வேண்டாம் என்கிறவன் அல்ல. மேலே மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்கு மட்டும் இறக்குங்கள், பத்து மணிக்கு மேல் பாதியை அணையுங்கள். லடாக்கின் ஹான்லேயில் 2022இல் இருண்ட வானக் காப்பகமே அமைத்துவிட்டார்கள். நாம் ஒரு சுவிட்சுக்கு யோசிக்கிறோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?

தலைவர் சீட்டு அனுப்புகிறார். மூன்றாவதைப் பேராசிரியர் ஐயாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊராட்சித் தலைவர் அம்மா, ஒரு விண்ணப்பம். மணி ஒன்பதாகப் போகிறது. இந்த நேரத்துக்குத் தெற்கே, கடலுக்கு மேல் ஏறக்குறைய இரண்டு முஷ்டி உயரத்தில், சிலுவை போல நான்கு நட்சத்திரங்கள் நிமிர்ந்து நிற்கும். அதற்கு நேர் கீழே தெற்கு. அந்த விளக்கைப் பத்து நிமிடம் அணைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளா, பாயைச் சுருட்டிக்கொண்டு வாருங்கள்.