அடிமேல் அடி: வட சென்னைக்கு ஒரு பயிற்சிக் கூடம்

(வியாசர்பாடியில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட உரிமையாளர் அவர்களே, வேறொரு வளைகாப்புக்குப் போகவேண்டியிருந்தும் எங்களுக்காக அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, பெரம்பூர் ரயில்வே தொழிற்சங்கத்தின் மூத்த தோழர்களே, பின்னால் கறுப்புச் சட்டையோடு நிற்கும் தம்பிகளே! கறுப்புச் சட்டை என்றதும் முன்வரிசைப் பெரியவர்கள் ஆசையாகத் திரும்பிப் பார்க்கிறார்கள். இது வேறு கறுப்புச் சட்டை, ஐயா. மண்டையோடு போட்டிருக்கும்.

பொன்னாடை போர்த்தினார்கள், நன்றி. அந்தக் காசுக்கு ஒரு ஜோடி டிரம் குச்சி வாங்கியிருக்கலாம் என்று செயலாளரிடம் முன்பே சொன்னேன். அவர் கேட்கவில்லை.

ட்ரீம் தியேட்டர் என்ற அமெரிக்க ப்ராக்ரெசிவ் மெட்டல் குழுவைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். ப்ராக்ரெசிவ் மெட்டல் என்றால் இடிபோன்ற ராக் இசையில் நீண்ட பாட்டும் சிக்கலான தாளமும் சேர்ந்தது. மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ஒன்று, அந்தக் குழு பிறந்து நிலைத்த வரலாறு. இரண்டு, அவர்களுடைய தாளக் கணக்கு. மூன்று, அதற்கும் வியாசர்பாடிக்கும் என்ன சம்பந்தம். மூன்றுக்கும் காப்புச் செய்யுள் நான் எங்கே போனாலும் சொல்லும் பழமொழிதான்: அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

1985. பாஸ்டன் நகரத்து பெர்க்லி இசைக் கல்லூரி. நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டிலிருந்து இரண்டு பள்ளித் தோழர்கள் அங்கே படிக்க வருகிறார்கள். ஜான் பெட்ருச்சி கிடார், ஜான் மயங் பேஸ் கிடார். கல்லூரியில் ஒரு பயிற்சி அறையிலிருந்து டிரம்ஸ் சத்தம் அவர்கள் காதில் விழுகிறது. உள்ளே அடித்துக்கொண்டிருந்தவர் மைக் போர்ட்னாய். பேசிப் பேசித் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். கீபோர்டுக்குப் பெட்ருச்சியின் பழைய நண்பர் கெவின் மூர் வந்தார். குழுவின் பெயர் மெஜஸ்டி.

இதில் எல்லோரும் அந்த நால்வரின் திறமையைப் பாராட்டுவார்கள். நான் அந்த அறையைப் பாராட்டுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் அடிக்கலாம், யாரும் வந்து தட்டமாட்டார்கள் என்று மாணவனுக்கு ஓர் அறை கொடுத்தார்களே, அந்தக் கல்லூரிக்காரர்களைப் பாராட்டுகிறேன்.

பிறகு படிப்பைப் பாதியில் விட்டார்கள் (பெற்றோர்கள் மன்னிக்க வேண்டும்). 1986இல் பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து கைக்குக் கை விற்றார்கள். அதே பெயரில் இன்னொரு குழு சண்டைக்கு வந்ததால் பெயரை மாற்றவேண்டியதாயிற்று. கலிஃபோர்னியாவில் மான்டரே என்ற ஊரிலிருந்த ஒரு சினிமாக் கொட்டகையின் பெயரைப் போர்ட்னாயின் அப்பா எடுத்துக்கொடுத்தார். ட்ரீம் தியேட்டர் என்பது கொட்டகையின் பெயர்தான். ஓட்டேரியிலும் தண்டையார்பேட்டையிலும் கொட்டகைகளோடு வளர்ந்த நமக்கு இதில் ஒரு பாத்தியதை உண்டு.

1989இல் முதல் ஆல்பம் வந்தது. விற்கவில்லை. பாடகர் சார்லி டொமினிசியை அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் குரல் தேடினார்கள். 1991இல் கனடாவிலிருந்து ஜேம்ஸ் லப்ரீ கிடைத்தார். 1992இல் இரண்டாவது ஆல்பம் ‘இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்’. அதன் முதல் பாட்டு ‘புல் மீ அண்டர்’ எட்டு நிமிடத்துக்கும் மேல் நீளும். அதைத்தான் வானொலியும் எம்.டி.வி.யும் தூக்கிவைத்துக் கொண்டாடின. அந்தப் பாட்டு முடியாது. பாடிக்கொண்டே இருக்கும்போது கத்தியால் வெட்டியதுபோல நின்றுவிடும்.

இங்கே நம் தெருவில் நடந்த ஒரு கதையைச் சொல்லியே ஆகவேண்டும். என் அண்ணன் மகனும் நண்பர்களும் இதே பாட்டை மொட்டை மாடி ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் பழகினார்கள். சுவருக்குப் பழைய மெத்தை, ஜன்னலுக்குக் கோணி. அப்படியும் சத்தம் மூன்று தெரு தாண்டும். எதிர்வீட்டு ஆயா கீழே நின்று கேட்டார்: “கல்யாண மேளமும் இல்லை, சாவு மேளமும் இல்லை, யாருக்குடா அடிக்கிறீர்கள்?” யாரோ தொலைபேசியில் புகார் சொல்லிவிட்டார்கள். ஒரு காவலர் வந்தார். நல்ல மனிதர். பாட்டின் நடுவே பையன்களை அதட்ட மனமில்லாமல் படியில் உட்கார்ந்து, “முடியட்டும், பேசிக்கொள்ளலாம்” என்றார். ஐந்து நிமிடம் ஆயிற்று. நடுவில் இசை தணிந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மறுபடி இடி இடித்தது. உட்கார்ந்தார். ஆயா சுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். காபியும் முடிந்தது, பாட்டு முடியவில்லை. கடைசியில் வெட்டியதுபோல நின்றதும் காவலர் பதறி மேலே ஓடினார். “ஏன் தம்பி நிறுத்திவிட்டீர்கள்? என்னைப் பார்த்துப் பயந்தா? முடித்துவிடுங்கள், பரவாயில்லை!” என்றார். இல்லை சார், இப்படித்தான் முடியும் என்று பையன்கள் சொல்ல, அவர் நம்பவே இல்லை. இன்னொரு முறை அடித்துக் காட்டச் சொன்னார். ஆயா தலையில் அடித்துக்கொண்டார்!

சிரித்தீர்கள். ஆனால் அன்றோடு அந்த மாடி பூட்டப்பட்டது. வீட்டுக்காரர் சாவியைத் தரவில்லை.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். வேகமாகப் போகிறேன். 1994இல் கெவின் மூர் விலகினார். 1999இல், ஒன்பது வயதிலேயே நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் பியானோ படிக்கச் சேர்ந்த ஜோர்டன் ரூடெஸ் கீபோர்டுக்கு வந்தார். அந்த ஆண்டு வந்த ‘சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி’, ஆல்பம் முழுக்க ஒரே கதை. அதுதான் அவர்களின் உச்சம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் டீக்கடையில் சந்திக்கலாம். 2010இல் போர்ட்னாய் பிரிந்தார். பெர்க்லியில் ஆசிரியராக இருந்த மைக் மான்ஜினி அந்த இடத்துக்கு வந்தார். மறுபடியும் அதே கல்லூரி, கவனியுங்கள். 2022இல் ‘தி ஏலியன்’ பாட்டுக்கு கிராமி விருது. 2023இல் போர்ட்னாய் திரும்பிவந்தார். 2025இல் அவரோடு புதிய ஆல்பம். அம்மி நகர்ந்தது, ஐயா! அடிமேல் அடி அடிக்க ஓர் இடம் இருந்ததால் நகர்ந்தது.

தாளக் கணக்குக்கு வருகிறேன். ஏழு எண்ணிக்கைத் தாளத்துக்கும் ஐந்து எண்ணிக்கைத் தாளத்துக்கும் தாவித் தாவிப் போவார்கள். ஏழெண்ணும் மிஸ்ரமும் ஐந்தெண்ணும் கண்டமும் அறிந்த ஊருக்கு அது புதிதல்ல. மீதியை இன்னொரு நாள் விரிவாகப் பேசுகிறேன். இப்போது மாமன்ற உறுப்பினர் அம்மா கிளம்புவதற்குள் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் தாளத்துக்குப் பஞ்சமா? சட்டியும் டோலக்கும் வைத்துக்கொண்டு விடிய விடியக் கானா பாடிய மண் இது. 2018 ஜனவரியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற இசைக்குழு மேடையேறியபோது கானா, ராக், ராப் மூன்றும் ஒரே மேடையில் ஒலித்ததை நாடே பார்த்தது. ஆனால் இன்றைக்கும் நம் பையன் டிரம்ஸின் சிம்பல் தட்டைக் கோணியில் சுற்றிக்கொண்டு, வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்து பூங்கா நிலையத்தில் இன்னொரு ரயில் பிடித்துக் கோடம்பாக்கம் போகிறான். அங்கே பயிற்சி அறைக்கு மணிக்கணக்கில் வாடகை. கடைசி ரயிலைப் பிடிக்கவேண்டுமே என்ற கவலையிலேயே பாதிப் பாட்டு போய்விடுகிறது.

நாங்கள் கேட்பது மாளிகை அல்ல. முகூர்த்தம் இல்லாத நாட்களில் பூட்டிக்கிடக்கும் மாநகராட்சி சமுதாய நலக்கூடங்களில் ஒன்றே ஒன்று. அதில் சத்தம் வெளியேறாதபடி தடுத்த ஓர் அறை, ஒரு டிரம் செட், இரண்டு ஸ்பீக்கர், இரவு ஒன்பது வரை திறந்துவைக்க ஓர் ஆள். கானாக்காரரும் வரட்டும், பறைக்குழுவும் வரட்டும், இந்த மண்டையோட்டுச் சட்டைகளும் வரட்டும். நேரப் பட்டியலை அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

அம்மா தலையாட்டுகிறார்கள். மேடையில் ஆடிய தலை மன்றத்திலும் ஆடவேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயரோடு வார்டு எண்ணையும் எழுதுங்கள், இல்லையென்றால் வாங்கமாட்டார்கள். பேனா ஒன்றுதான் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். புகார் சொன்னவர் இந்தக் கூட்டத்தில் இருந்தால் முதல் கையெழுத்தை அவரே போடலாம். அறை வந்தால் அவருக்கும்தானே தூக்கம். வணக்கம்.