கோர்ஸ் முடிந்த பிறகுதான் வேலை ஆரம்பம்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் கண்ணகி நகர், பெரும்பாக்கம் பக்கம் இளைஞர் மையங்களில் வேலை செய்கிறவள் என்பதால் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வசதியில்லாத இளைஞர்களுக்குக் கல்வியும் தொழில் பயிற்சியும் என்று தலைப்பு கொடுத்தார்கள். சரி, ஆனால் பயிற்சியைப் பற்றி நான் கொஞ்சம்தான் பேசப்போகிறேன், ஏனென்றால் எங்கள் பகுதியில் பயிற்சிக்குப் பஞ்சமே இல்லை. தையல், டேலி, பியூட்டிஷியன், ஏசி மெக்கானிக் என்று யாராவது ஒருவர் வந்து பேனர் கட்டி, மூன்று மாதம் வகுப்பு நடத்தி, கடைசி நாள் சான்றிதழ் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். பேனரை அவிழ்த்த பிறகு அந்தப் பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்பதுதான் என் கவலை.

ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணகி நகர் 2000ஆம் ஆண்டு வாக்கில் உருவானது. கூவம், அடையாறு கரைகளிலும் நகரத்துக்குள் வேறு பல இடங்களிலும் குடியிருந்தவர்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரிக்கு ஒரு கூட்டம் வந்தது, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு இன்னும் பெரிய கூட்டம். அப்பா அம்மாவுக்கு வேலை பழைய இடத்தில், வீடு இங்கே. பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டைக் காலி செய்ய வைத்ததும் நடந்திருக்கிறது. பரீட்சைக்கு முன்னால் இருபது கிலோமீட்டர் தள்ளி வந்து விழுந்த பிள்ளை படிப்பை விட்டால், அதைப் படிப்பில் ஆர்வம் இல்லாத பிள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வராது. கண்ணகி நகரில் முதலில் கட்டிய வீடுகள் இருநூறு சதுர அடிகூட இருக்காது. அதற்குள் ஐந்து பேர், ஒரு டிவி. பத்தாம் வகுப்புப் பையன் எங்கே உட்கார்ந்து படிப்பான்? அதனால் ஒரு மையம் வேறு எதுவும் செய்யாமல் நாலு மேசை, நல்ல விளக்கு, ஃபேன், கழிப்பறை இவற்றோடு ராத்திரி ஒன்பது மணி வரை திறந்திருந்தாலே பாதி வேலை ஆயிற்று. கொளத்தூரில் 2024இல் முதல்வர் படைப்பகம் என்று அரசு திறந்ததே, படிக்கவும் உட்கார்ந்து வேலை பார்க்கவும் ஒரு இடம், அந்த மாதிரி ஒன்று ஒவ்வொரு மறுகுடியமர்வுப் பகுதியிலும் வேண்டும் என்பது என் ஆசை.

அப்புறம் சாப்பாடு. 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட ஆரம்பித்தவர்களுக்கு, பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பது தெரிந்திருந்தது. பதினெட்டு வயதுக்காரனுக்கும் பசிக்கும் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். சாயங்காலம் சுண்டலும் டீயும் கொடுக்கிற மையத்துக்கு வருகிற கூட்டமும், கொடுக்காத மையத்துக்கு வருகிற கூட்டமும் ஒன்று இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோர்ஸ் முடித்த ஒரு பையன் வேலைக்குப் போய் அங்கேயே நிற்பதற்கு இடையில் எத்தனை குழிகள் இருக்கின்றன தெரியுமா? முதல் குழி காகிதம். பள்ளி டிசியில் ஒரு இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, ரேஷன் கார்டில் பழைய முகவரி. கம்பெனியில் சேர்ந்ததும் பிஎஃப் கணக்குக்கு யூஏஎன் எண் எடுக்க வேண்டும், அதற்குப் பெயர் ஆதாரோடு பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் ஹெச்ஆர் அவனைத் "திருத்திக்கொண்டு வா" என்று அனுப்புவார், இவன் இ-சேவை மையத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அலைந்து நாலு நாள் லீவு போடுவான், ஐந்தாவது நாள் வேலை இருக்காது. எங்கள் மையத்தில் சேருகிற எந்தப் பிள்ளையாக இருந்தாலும் முதல் வாரத்தில் பாடம் கிடையாது, காகிதத்தைத்தான் மேசையில் பரப்பச் சொல்வோம். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ், வங்கிக் கணக்கு, எல்லாம். அலுப்பான வேலைதான், போட்டோவுக்கு நன்றாகவே இருக்காது.

இரண்டாவது, படிப்பை நடுவில் விட்டவர்கள். எட்டாவதுகூட முடிக்கவில்லையா, பன்னிரண்டரை வயது ஆகியிருந்தால் தனித்தேர்வராக, அதாவது பள்ளிக்கூடத்தில் சேராமலே, எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். அதை வைத்து ஐடிஐயில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், வெல்டர் பிரிவில் சேரலாம், ஒரு வருடப் படிப்பு. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் என்றால் பத்தாவது வேண்டும், இரண்டு வருடம். பத்தாவதை நேரடியாகத் தனித்தேர்வராக எழுதுகிறவர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்து வகுப்புக்குப் போயாக வேண்டும், இது தெரியாமல் கடைசி நேரத்தில் ஓடிவந்து ஒரு வருடத்தை விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் உண்டு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் வந்த புதுமைப் பெண் திட்டம், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் ஆயிரம் ரூபாய். நான் சொல்வது எல்லாமே அரசாணையிலும் இணையத்திலும் இருக்கிறது. ஆனால் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, படிவத்தை நிரப்பி, நம்பர் வந்ததா என்று அடுத்த வாரம் போன் பண்ணிக் கேட்டால்தான் கைக்கு வருகிறது.

பெரிய குழி மூன்றாவது, அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. முதல் சம்பளம் வரும் வரைக்கும் பிள்ளை எப்படி வாழ்வான்? ஒன்றாம் தேதி வேலைக்குச் சேர்ந்தால் அடுத்த மாதம் ஏழாம் தேதிதான் கையில் காசு. அதுவரை பஸ், மதியச் சாப்பாடு, ஒரு ஷூ, இரண்டு சட்டை. கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் போனாலோ சென்ட்ரிங் வேலைக்குப் போனாலோ அன்றைக்கு ராத்திரியே பணம். வீட்டில் தங்கைக்குக் காய்ச்சல் என்றால் அவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? பத்து நாளில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வருகிற பையனைப் பார்த்து "பொறுப்பில்லை" என்கிறார்கள். அவன் பொறுப்பாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறான். மையத்தில் ஒரு சின்னச் சுழல் நிதி வைத்து, முதல் மாதச் செலவுக்குக் கடனாகக் கொடுத்து, மூன்று சம்பளத்தில் திரும்ப வாங்கிக்கொண்டால் இது தீர்கிற பிரச்சினை. நன்கொடை தருகிறவர்கள் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறோம் என்கிறார்கள், பஸ் காசுக்குத் தாருங்கள் என்றால் முகம் மாறுகிறது.

பெண் பிள்ளைகளுக்கு நேரம் வேறு கணக்கு. ஆறரை மணிக்கு மேல் வகுப்பு வைத்தால் அம்மா அனுப்ப மாட்டார், தெரு விளக்கு எரியாத பிளாக் வழியாக நடந்து போக வேண்டும் என்றால் நானும் அனுப்ப மாட்டேன். ஷிஃப்ட் முடிந்து பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்காமல் வேலை வாங்கிக் கொடுத்து என்ன பயன்?

முகவரி இன்னொரு வலி. நேர்காணலில் கண்ணகி நகர் என்றதும் பேச்சு சுருங்கிப்போவதைப் பிள்ளைகள் சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சிலர் அந்தப் பெயரை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கிற துரைப்பாக்கம் என்றே எழுதிக் கொடுக்கிறார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வென்ற கார்த்திகாவைத் தமிழ்நாடே கண்ணகி நகர் கார்த்திகா என்று ஊர்ப்பெயரோடு கூப்பிட்டது. அந்த வாரம் எங்கள் பகுதிப் பிள்ளைகள் நடந்த நடையே வேறு. ஆனால் ஊர்ப்பெயரைத் தூக்கி நிறுத்த ஒவ்வொரு பிள்ளையும் தங்கம் வாங்க வேண்டும் என்றால் அது நியாயமா? ஐடிஐ முடித்தவனுக்கு ஐடிஐ முடித்தவனுக்குரிய மரியாதை போதும். இங்கேதான் மையம் அவனுக்காக நின்று பேச வேண்டியிருக்கிறது, கம்பெனி மேலாளரிடம் போய் "இந்தப் பையனை எனக்கு ஒரு வருடமாகத் தெரியும், ஏதாவது என்றால் எனக்குப் போன் பண்ணுங்கள்" என்று. நகரத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இதை மாமாவோ சித்தப்பாவோ செய்துவிடுகிறார்.

1990களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கியபோது இதையெல்லாம் யோசித்துத்தான் அமைத்தார்கள். முதலில் வாழ்க்கைத் திறன், பிறகு தொழில், பிறகு உள்ளூர் நிறுவனத்திலேயே நேரடிப் பயிற்சி. எந்தப் படிப்பு வேண்டும் என்பதை அக்கம்பக்கத்தில் என்ன வேலை இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்தார்கள். இன்றைக்கு நிறைய இடத்தில் பயிற்றுநர் எதற்குக் கிடைக்கிறாரோ அதுதான் கோர்ஸ்.

அதனால் எங்கள் மையம் போன்ற இடங்களுக்குப் பணம் தருகிறவர்கள், அரசோ கம்பெனியோ, எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தீர்கள் என்று கேட்காதீர்கள், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். எண் சின்னதாக வரும், எங்களுக்கும் சங்கடமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

கடைசியாக, கேட்டுக்கொண்டிருக்கிற பெற்றோருக்கு. பத்தாவது ரிசல்ட் வந்து பிள்ளை ஒன்றிரண்டு பாடத்தில் போய்விட்டால் துணைத் தேர்வுக்கு உடனே விண்ணப்பிக்க வேண்டும், அதற்குக் கொடுக்கிற நாட்கள் மிகக் குறைவு. திட்டுவதை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதலில் ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு படித்த பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.