இடுப்பு வலின்னுதான் நெனச்சோம்

எல்லாருக்கும் வணக்கம். நான் டாக்டர் கிடையாது. என்னை ஏன் பேச கூப்டாங்கன்னா எனக்கும் எங்க அண்ணனுக்கும் ரெண்டு பேருக்குமே புராஸ்டேட் கேன்சர், ஒரே வயித்துல பொறந்து ஒரே நோய் வந்தும் அவர் பட்ட பாடு வேற நான் பட்டது வேற, அந்த வித்தியாசத்தை சொல்லத்தான் வந்திருக்கேன்.

அண்ணனுக்கு அப்போ 69 வயசு, இடுப்பு வலின்னு சொன்னாரு. வயசானா இடுப்பு வலிக்காதான்னு தைலம் தேச்சோம், பெல்ட் போட்டோம், படுக்கைய மாத்தினோம், இப்படியே எட்டு மாசம் ஓடிப்போச்சு. ராத்திரி படுத்தா வலி இன்னும் ஜாஸ்தியாச்சு, அதுக்கப்புறம்தான் ஸ்கேன், அப்புறம் ரத்த டெஸ்ட். பிஎஸ்ஏ, அதாவது புராஸ்டேட்லேருந்து ரத்தத்துல கலக்கற ஒரு புரதம், அந்த நம்பர் முன்னூத்த தாண்டியிருந்துச்சு. முதுகெலும்புக்கு பரவிடுச்சுன்னு டாக்டர் சொன்னப்ப அண்ணன் கேட்ட முத கேள்வி எனக்கு இன்னும் காதுல இருக்கு, "எனக்கு ஒன்னுக்கு நல்லாதானே போகுது டாக்டர்?"ன்னு.

இந்த கேள்விலதான் எல்லாமே இருக்கு, கொஞ்சம் பொறுமையா கேளுங்க. புராஸ்டேட்ங்கறது ஆம்பளைங்களுக்கு மட்டும் இருக்கற சுரப்பி, மூத்திரப் பைக்கு கீழ, 20 கிராம் சொச்சம், அதோட நடுவுலதான் மூத்திரக் குழாய் போகுது. வயசாக ஆக இது வீங்கும், 60 வயசுக்கு மேல பாதி பேருக்காவது இருக்கும், அது கேன்சர் இல்ல. இந்த வீக்கம் குழாயை ஒட்டி நடுவுல வர்றதால அமுக்குது, அதனாலதான் ராத்திரி நாலு தடவை எந்திரிக்கறோம், போயிட்டு வந்தும் முழுசா போகாத மாதிரியே இருக்கு. ஆனா கேன்சர் பெரும்பாலும் சுரப்பியோட வெளிப்பக்கத்துல, பின்னாடிதான் ஆரம்பிக்கும், அங்க குழாயே கிடையாது, எதையும் அமுக்காது, சத்தமில்லாம வளரும். அதனால நாலு தடவை எந்திரிக்கறவருக்கு கேன்சர்னு அர்த்தமில்ல, விடிய விடிய நல்லா தூங்கறவருக்கு இல்லன்னும் அர்த்தமில்ல. தொந்தரவு வந்தா பாத்துக்கலாம்ங்கற கணக்கு மத்த எத்தனையோ நோய்க்கு சரியா வரலாம், இதுக்கு வரவே வராது.

நாம நாலு பேர் ஒக்காந்தா சுகர் எவ்ளோன்னு கேட்டா டக்குனு நம்பர் சொல்றோம், பிரஷர் மாத்திரை பேர் வரைக்கும் சொல்றோம், ஆனா மூத்திரம் சரியா போகலன்னு கட்டின பொண்டாட்டிகிட்ட கூட சொல்றதில்ல. எங்க அப்பாவும் சொல்லல. அவருக்கு என்ன இருந்துச்சுன்னு எங்களுக்கு கடைசி வரைக்கும் தெரியாது, அது தெரிஞ்சிருந்தா நாங்க ரெண்டு பேரும் எப்பவோ முழிச்சிருப்போம். அப்பாவுக்கோ கூடப்பொறந்தவருக்கோ வந்திருந்தா நமக்கு வர்ற வாய்ப்பு ரெண்டு மடங்குக்கும் மேல, அம்மா வழில மார்பக கேன்சர், சினைப்பை கேன்சர் இருந்தாலும் டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும், சில குடும்பத்துல அதுக்கும் புராஸ்டேட் கேன்சருக்கும் ஒரே மரபணு கோளாறு காரணமா இருக்கும். டெஸ்ட் எடுக்கலாமான்னு டாக்டரோட பேசறத சாதாரணமா 50, 55 வயசுல ஆரம்பிக்கலாம்னா குடும்பத்துல இருக்கறவங்க 45லயே ஆரம்பிக்கணும்.

டெஸ்ட் ஒன்னும் பெரிய விஷயம் இல்ல, ரத்தம் குடுக்கறதுதான். ஆனா பிஎஸ்ஏ நம்பர் ஏறினதுமே கேன்சர்னு நெனச்சு ஒடஞ்சு போயிடாதீங்க, சாதாரண வீக்கம், யூரின் இன்ஃபெக்‌ஷன், எதுக்கு வேணா ஏறும். டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி சைக்கிள் வேணாம், தாம்பத்யமும் வேணாம், இன்ஃபெக்‌ஷன் வந்திருந்தா ஆறு வாரம் கழிச்சு எடுங்க. இன்னொன்னு நெறைய பேருக்கு தெரியாது, புராஸ்டேட் வீக்கத்துக்கும் முடி கொட்டறதுக்கும் குடுக்கற ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரைங்க மாசக்கணக்கா சாப்ட்டா பிஎஸ்ஏவ பாதியா கொறச்சு காட்டும், நம்பர் கம்மியா இருக்கேன்னு நிம்மதியா இருந்துடுவோம், அதனால மாத்திரை சாப்பிடறத மறைக்காதீங்க.

இந்த டெஸ்டே வேண்டாம்னு சொல்றவங்களும் இருக்காங்க, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, அதை மறைச்சு பேசினா நான் உங்களுக்கு துரோகம் பண்றேன்னு அர்த்தம். சில புராஸ்டேட் கேன்சர் ரொம்ப மெதுவா வளரும், அதோடவே வாழ்ந்து வேற எதுலயோ போயிடுவோம், அதை தோண்டி எடுத்து ஆபரேஷன் பண்ணா மூத்திரத்த அடக்க முடியாம போறது, ஆண்மை கொறையறதுன்னு இல்லாத கஷ்டம் வரும். அமெரிக்காவுல நிபுணர் குழு 2012ல யாருக்குமே வேண்டாம்னாங்க, 2018ல 55லேருந்து 69 வயசு வரைக்கும் டாக்டரோட பேசி அவங்கவங்க முடிவு பண்ணட்டும்னு மாத்தினாங்க. ஐரோப்பாவுல நடந்த பெரிய ஆய்வுல 23 வருஷம் கழிச்சு பாத்தா டெஸ்டுக்கு கூப்ட்டவங்கள்ல இந்த நோயால சாவு 13 சதவீதம் கொறஞ்சிருக்கு, 456 பேரை கூப்ட்டா ஒரு உயிர் தப்பிக்குது. சின்ன நம்பர்னு தோணலாம். அந்த ஒருத்தர் எங்க அண்ணனா இருந்திருக்கலாமேன்னுதான் எனக்கு தோணும்.

அண்ணனுக்கு வந்தப்புறம்தான் நான் போனேன், எனக்கு 64. பிஎஸ்ஏ 6.1. அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல. எம்ஆர்ஐ எடுத்தாங்க, சந்தேகமான இடம் தெரிஞ்சுது, ஊசியால துளி சதை எடுத்து பாக்கற பயாப்ஸி பண்ணாங்க, கேன்சர் எவ்ளோ மூர்க்கம்னு காட்டற க்ளீசன் ஸ்கோர் 6, அதாவது இருக்கறதுலயே சாதுவான ரகம். ஆபரேஷன் எப்போன்னு கேட்டேன், இப்ப தேவையில்ல, விடாம கண்காணிக்கலாம்னாரு டாக்டர். கேன்சரை உள்ள வச்சுக்கிட்டு சும்மா இருக்கறதான்னு மனசு கேக்கல, அப்பதான் அவர் பிரிட்டன்ல நடந்த ஆய்வை சொன்னாரு, பரவாத நிலையில இருந்த 1643 பேர்ல சிலருக்கு ஆபரேஷன், சிலருக்கு கதிர்வீச்சு, சிலருக்கு கண்காணிப்பு மட்டும், 15 வருஷம் கழிச்சு மூனு பிரிவுலயும் நூத்துக்கு 97 பேர் இந்த நோயால சாகல. இப்ப மூனு வருஷமா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் குடுக்கறேன், அவ்ளோதான்.

அண்ணனுக்கு அப்படி இல்ல. மூனு மாசத்துக்கு ஒரு ஊசி, ஆண் ஹார்மோனை அடக்கறதுக்கு, அதோட மாத்திரை. திடீர்னு ஒடம்பு கொதிக்கும், வேர்த்து கொட்டும், எலும்பு வலுவு கொறையுதுன்னு அதுக்கு தனி மருந்து. நோய் அடங்கி இருக்கு, போகல. கால் மரத்துப் போனாலோ நடை தள்ளாடினாலோ அன்னிக்கே ஓடி வரணும்னு டாக்டர் சொல்லி வச்சிருக்காரு, கேன்சர் முதுகெலும்புக்குள்ள போற தண்டுவடத்த அமுக்கினா கால் வெளங்காம போயிடும். அதுக்கு நடுவுலயும் அவர் மொதல்ல செஞ்ச வேலை, 47 வயசு மூத்தவனையும் 45 வயசு சின்னவனையும் கையப் புடிச்சு டெஸ்டுக்கு கூட்டிட்டு போனதுதான்.

மூத்திர சமாச்சாரத்தையெல்லாம் மேடையில மைக் புடிச்சு பேசுவியாடான்னு என்னை போன வாரம் வரைக்கும் திட்டிட்டு இருந்தாரு. இப்ப முன் வரிசையிலதான் ஒக்காந்திருக்காரு, கேள்வி கேக்கறவங்களுக்கு நானே பதில் சொல்றேன்னு காலைல சொன்னாரு. அண்ணே, மெதுவா வாங்க, படி இருக்கு, மைக்க கீழயே கொண்டு வந்து குடுக்கறேன்.