கரியைத் தோண்டாமல் எரிவாயு

நேயர்களுக்கு வணக்கம்.

தெருமுனை இஸ்திரி வண்டிப் பக்கம் காலையில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். பெட்டியில் கரியைப் போட்டு விசிறி, கங்கு நன்றாகச் சிவந்ததும் அதன் மேலே மெல்லிய நீலச் சுடர் ஒன்று தத்தித் தத்தி ஆடும். உள்ளே போதுமான காற்று இல்லாமல் கரியிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்சைடு, மேலே வந்து காற்றைக் கண்டதும் எரிகிறது. அதுதான் அந்த நீலம். கல்லூரியில் வேதியியல் நடத்திய காலமெல்லாம் இந்தச் சுடரில்தான் பாடத்தை ஆரம்பிப்பேன்.

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரிகேஸ் பஸ் ஓடியதும் இந்த வாயுவால்தான். வண்டிக்குப் பின்னால் பெரிய உருளை அடுப்பு. புறப்படும் முன் கைச்சக்கரம் சுற்றிக் காற்று ஊத வேண்டும். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளுவார்களாம். தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்த அடுப்பை அப்படியே பூமிக்கு அடியில் கொண்டுபோவதுதான் இன்றைய விஷயம். சுரங்கம் வெட்டிக் கட்டுப்படியாகாத ஆழத்தில் நிலக்கரி கிடக்கிறது. இரண்டு துளை போடுகிறார்கள். ஒன்றின் வழியாக ஆக்சிஜனும் நீராவியும் இறக்கிக் கரியில் தீ மூட்டுகிறார்கள். வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் நீராவியும் கரியும் சேர்ந்து ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடுமாக மாறி, இன்னொரு துளை வழியே மேலே வருகின்றன. அதை மின்சாரத்துக்கும் உரத்துக்கும் பயன்படுத்தலாம். 1868லேயே வில்லியம் சீமென்ஸ் என்ற பொறியாளர் சொன்ன யோசனை இது. உஸ்பெகிஸ்தானில் அங்ரென் என்ற ஊரில் 1961ல் இப்படி வாயு எடுக்கத் தொடங்கினார்கள். ஜார்கண்டின் ஜாம்தாரா மாவட்டத்தில் கஸ்தா என்ற இடத்தில், ஆழத்தில் உள்ள கரிக்காக 2024 ஜூனில் முன்னோட்டப் பணி தொடங்கியது.

சரி, யாரும் குழிக்குள் இறங்க வேண்டாம், சாம்பலும் கீழேயே தங்கிவிடும், நல்லதுதானே? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பஸ் அடுப்புக்கு இரும்புச் சுவர் இருந்தது. நிலத்தடி அடுப்புக்குப் பாறைதான் சுவர். அந்தப் பாறையில் விரிசல் இருக்கும், ஊற்றும் இருக்கும். கரி வேகும்போது பென்சீன், பீனால் என்ற நச்சுகளும் உண்டாகின்றன. அடுப்புக்குள் இருக்கும் அழுத்தம் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருந்தால் தண்ணீர் உள்நோக்கி வரும்; விஷம் உள்ளேயே நிற்கும். அடுப்பின் அழுத்தம் கூடிவிட்டால் வாயு வெளியே பாய்ந்து நிலத்தடி நீரில் கலந்துவிடும். அமெரிக்காவின் வயோமிங்கில் 1970களில் நடந்த சோதனையில் அப்படித்தான் பென்சீன் நீரில் கலந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து 2016ல் இந்த முறையையே தடை செய்துவிட்டது.

நம் வேலூருக்குக் கீழே இருப்பது கருங்கல் பாறை. இங்கே கரி கிடையாது. ஆனாலும் இதைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. வாணியம்பாடிப் பக்கம் என் அத்தை வீட்டுக் கிணற்றில் ஒருகாலத்தில் இளநீர் மாதிரித் தண்ணீர். தோல் பதனிடும் கழிவு இறங்கிய பிறகு அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. அத்தை சமையலுக்குக் குடம் தூக்கி அரை மைல் நடந்தார். பாலாற்று மக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ல் ஒன்றைச் சொன்னது: தன் தொழிலால் சுற்றுச்சூழலுக்குக் கேடு இல்லை என்று தொழில் நடத்துபவரே நிரூபிக்க வேண்டும், கெட்டுப்போனது என்று கிணற்றுக்காரர் நிரூபிக்கத் தேவையில்லை. வேலூர் பெயரைத் தாங்கிய அந்தத் தீர்ப்பு கஸ்தாவுக்கும் பொருந்தும், நாளைக்கு மன்னார்குடியின் ஆழப் பழுப்பு நிலக்கரிக்கு யாராவது இந்தத் திட்டத்தோடு வந்தால் அதற்கும் பொருந்தும்.

அதனால் நான் கேட்பது இதுதான். தீ மூட்டும் முன்பே சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீரைச் சோதித்து எழுதி வையுங்கள். எரியும்போதும், அணைத்த பிறகு பல வருஷமும் அதே கிணறுகளில் சோதியுங்கள். அந்தக் கணக்கைக் கஸ்தா பக்கத்தில் சந்தாலி பேசும் கிராமத்து மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே, ஊர்ப் பொது இடத்தில் ஒட்டி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.